ஏலத்துல ஜெயிச்சாச்சு, பில் இன்னும் முடியல: எல்லை தாண்டும் பார்சலின் கதை

போன மாசம் பழைய மெக்கானிக்கல் கீபோர்டுகள் பற்றிப் பேசினோம் இல்லையா, அதுக்கப்புறம் வந்த மெயில்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "ஈபேல 40 டாலருக்கு ஏலம் எடுத்தேன். கையில வந்து சேரும்போது 90 டாலர் ஆயிடுச்சு. நடுவுல எடுத்தது யாரு?"

ஷிப்பிங் கம்பெனியா, கஸ்டம்ஸா, ஈபேயா, விற்றவரா? நாலு பேருமே கொஞ்சம் கொஞ்சம் எடுத்திருக்கலாம். ஆனால் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தபோது எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேற ஒண்ணு. வெளிநாட்டுப் பார்சல் இவ்வளவு நாள் மலிவா இருந்ததே எப்படி? அந்த மலிவு தானா வந்தது கிடையாது. ஒரு பகுதியை ஏதோ ஒரு நாட்டுத் தபால்துறை சுமந்தது, இன்னொரு பகுதியை ஏதோ ஒரு அரசாங்கம் "சரி, போகட்டும்" என்று விட்டுக்கொடுத்தது. இப்போது அவர்கள் ஒவ்வொருவராகக் கையை விலக்கிக்கொள்கிறார்கள். நமக்கு அது 'எதிர்பாராத செலவு' என்று தெரியுது.

1995 செப்டம்பரிலிருந்து ஆரம்பிக்கலாம். பியர் ஒமிட்யார் என்ற புரோகிராமர் ஒரு விடுமுறை வாரக்கடைசியில் எழுதி ஏற்றிய தளம்தான் ஆக்‌ஷன்வெப். பின்னாளில் ஈபே. அங்கே முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. உடைஞ்சதுன்னு தெரிஞ்சுதான் வாங்குறீங்களா என்று அவர் கேட்க, நான் உடைஞ்ச லேசர் பாயிண்டர்தான் சேகரிக்கிறேன் என்று வாங்கியவர் சொன்னதாகக் கதை.

அந்தக் கதையில் நான் பிடித்துக்கொள்வது 14.83 என்ற எண்ணை. ஏல மென்பொருளுக்குத் தெரிந்தது அந்த ஒரே எண்தான். யார் எவ்வளவு கேட்டார்கள், எப்போது முடியும், ஜெயித்தது யார். பொருள் எப்படிப் போகும், எந்த எல்லையைத் தாண்டும், அங்கே யார் நிறுத்துவார்கள் என்பதெல்லாம் டேட்டாபேஸுக்கு வெளியே நடக்கிற விஷயம். விற்றவரும் வாங்கியவரும் மெயிலில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது.

இந்த இடைவெளியை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்கள் விற்பனையாளர்கள். ஈபே விற்ற விலையில்தான் கமிஷன் எடுத்தது, ஷிப்பிங் கட்டணத்தில் எடுக்கவில்லை. இது ஒரு பக். கண்ணில் பட்டதும் ஜனங்கள் சும்மா விடுவார்களா? ஒரு சிடிக்கு விலை 1 சென்ட், ஷிப்பிங் 12 டாலர். பட்டியலை விலைவாரியா அடுக்கினா இந்த சிடிதான் மேலே நிற்கும். கமிஷன் 1 சென்ட்டுக்கு மட்டும். வாங்குறவர் 'ஒரு சென்ட்' என்று பார்த்து ஏலம் கேட்டு, கடைசிப் பக்கத்தில் முழிப்பார். வெளிநாட்டு வாங்குபவர் என்றால் இன்னும் வசதி. இங்கிருந்து அங்கே அனுப்ப உண்மையில் எவ்வளவு ஆகும் என்று சரிபார்க்க அவருக்கு வழியே இல்லை.

2008-இல் புத்தகம், சிடி மாதிரிப் பொருள்களுக்கு ஷிப்பிங் உச்சவரம்பு வைத்துப் பார்த்தார்கள். 2011 ஜூலையில்தான் அமெரிக்க ஈபே அடிப்படையையே மாற்றியது. இனிமேல் ஷிப்பிங் தொகைக்கும் சேர்த்துக் கமிஷன். ஒரே விதியில் 1 சென்ட் வியாபாரத்தின் லாபக் கணக்கு உடைந்தது. நேர்மையாக அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் கோபப்பட்டார்கள், "நான் தபால் ஆபிஸுக்குக் கட்டுற காசுக்கு உனக்கு எதுக்கு கமிஷன்?" என்று. நியாயமான கோபம்தான். ஆனாலும் அந்த பக்கை மூட வேறு சுலபமான வழி இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இது விற்பவர்களின் விளையாட்டு. நிஜமான தபால் செலவு எப்படி முடிவாகிறது? அதுக்கு 1874-க்குப் போகணும்.

அதற்கு முன்னால் வெளிநாட்டுக்குக் கடிதம் போடுவது ஒரு தலைவலி. ஒவ்வொரு நாடும் இன்னொரு நாட்டோடு தனித்தனியாக ஒப்பந்தம் வைத்திருந்தது. ஒரே ஊருக்கு இந்தக் கப்பலில் போனால் ஒரு கட்டணம், அந்த எல்லை வழியாகப் போனால் வேறு கட்டணம். 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஜெர்மனியின் தபால் தலைவர் ஹைன்ரிஷ் ஃபான் ஸ்டெஃபான் அதற்காகப் பல வருடம் உழைத்தவர். அதிலிருந்து பிறந்ததுதான் அனைத்துலகத் தபால் ஒன்றியம். பிரிட்டிஷ் இந்தியா 1876-இல் சேர்ந்தது.

அந்த ஒப்பந்தத்தில் ஓர் அழகான எளிமை இருந்தது. உலகம் முழுக்க ஒரே தபால் பிரதேசம். ஸ்டாம்ப் விற்ற நாடு காசை வைத்துக்கொள்ளும். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற நாடு இலவசமாகக் கொடுக்கும். ஏன்? ஒரு கடிதம் போனால் ஒரு பதில் வரும். இன்னைக்கு நான் உனக்கு இலவசமாப் பட்டுவாடா பண்றேன், நாளைக்கு நீ எனக்குப் பண்ணு. கணக்கு தானாகவே நேராகிவிடும், நமக்குள்ளே பில் போட வேண்டாம்.

கடிதத்துக்குப் பதில் வரும், சரி. பார்சலுக்குப் பதில் பார்சல் வருமா?

பத்திரிகைகள், கேட்லாக், சின்னப் பொட்டலம் என்று ஒருவழிப் போக்குவரத்து வளர வளர, அதிகம் வாங்கிக்கொள்கிற நாடுகள் நஷ்டப்பட்டன. 1969-இல் டோக்கியோவில் கூடிய மாநாடு ஒரு வழி கண்டுபிடித்தது. அனுப்பும் நாடு, பெறும் நாட்டுக்குப் பட்டுவாடா செலவுக்காக ஒரு தொகை தரவேண்டும். தபால் மொழியில் 'டெர்மினல் டியூஸ்', அதாவது கடைசி மைல் கூலி. வளரும் நாடுகள் குறைவாகக் கொடுத்தால் போதும் என்ற ஏற்பாடும் பின்னாளில் வந்தது.

இங்கே ஒரு நுணுக்கம். 2 கிலோ வரைக்குமான சின்னப் பொட்டலம் தபால் விதிகளில் பார்சல் கிடையாது. அது கடித வகை. மென்பொருள்காரர்களுக்குச் சொல்றேன்: கிளாசிக் டைப் எரர். ஒரு செல்ஃபோன் கவர், ஒரு சார்ஜர் கேபிள், ஒரு கேமரா லென்ஸ் மூடி எல்லாமே 'லெட்டர்' என்ற டைப்பில் போகும், லெட்டருக்குரிய சலுகைக் கட்டணத்தோடு. இந்த விதிகளை எழுதியபோது சீனா ஏழை நாடு, பெரிய அளவில் பொருள் அனுப்புகிற நாடு இல்லை. இன்டர்நெட் ஏலமும் ஆன்லைன் கடையும் வந்த பிறகும் விதி மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. 2011-இல் அமெரிக்கத் தபால்துறை சீனத் தபால்துறையோடு 'ஈபேக்கெட்' என்ற திட்டத்தையும் தொடங்கியது. 2 கிலோவுக்குள், டிராக்கிங் உண்டு, விலை சல்லிசு. ஷென்செனிலிருந்து நியூயார்க்குக்கு அனுப்புவது, அமெரிக்காவுக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுப்புவதைவிட மலிவு என்ற விசித்திரமான நிலைமை வந்தது இப்படித்தான். ஈபேயில் 'ஃப்ரீ ஷிப்பிங்' போட்டு ஒரு டாலருக்கு வந்த பொருள்களை ஞாபகம் இருக்கா? அந்த 'ஃப்ரீ'க்குள் அமெரிக்கத் தபால்காரரின் கூலியும் இருந்தது. ஓஹையோவில் அதே பொருளை விற்ற சின்ன வியாபாரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

2018 அக்டோபரில் டிரம்ப் அரசு, ஒரு வருடத்தில் ஒன்றியத்தை விட்டே விலகுகிறோம் என்று நோட்டீஸ் கொடுத்தது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் அவசர மாநாடு. ஒன்றியத்தின் வரலாற்றிலேயே அது மூன்றாவது சிறப்பு மாநாடு. முடிவில், அதிகமாகப் பொட்டலம் வாங்குகிற நாடுகள் தங்கள் கடைசி மைல் கூலியைத் தாங்களே நிர்ணயிக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். அமெரிக்கா 2020 ஜூலையிலேயே ஆரம்பித்தது, மற்றவர்களுக்குப் படிப்படியாக. அந்த மாநாட்டுச் செய்தியை அப்போது எத்தனை பேர் படித்திருப்போம்?

இதற்கு முன்பே இன்னொரு கதவு சத்தமில்லாமல் மூடியிருந்தது. 2007 மே 14 அன்று அமெரிக்கத் தபால்துறை வெளிநாடுகளுக்கான கப்பல் தபாலை நிறுத்தியது. வந்து சேர வாரக்கணக்கு, சில சமயம் மாசக்கணக்கு ஆகும். ஆனால் பழைய புத்தகமோ எல்பி ரெக்கார்டோ வாங்குபவர்களுக்கு அவசரம் கிடையாதே. அந்த வசதி போனதும் எல்லாமே விமானத்தில், விமானக் கட்டணத்தில். 5 டாலர் புத்தகத்துக்கு அதைவிடப் பல மடங்கு தபால் செலவு என்பது அங்கிருந்துதான் சாதாரணமானது.

கூரியர் பக்கம் போனால் எடை என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறுது. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கிறார்கள். வருகிற எண் உண்மையான கிலோவைவிட அதிகமென்றால் அதற்குத்தான் கட்டணம். ஒரு பழைய விளக்கின் கூடு, எடை 1 கிலோ, 40க்கு 40க்கு 40 பெட்டி. 64,000-ஐ 5000-ஆல் வகுங்க. 12.8 கிலோ! நீங்கள் காற்றுக்குக் காசு கட்டுறீங்க. விமானத்தில் இடம்தான் தட்டுப்பாடு என்பதால் இது அநியாயம் என்று சொல்லவும் முடியல.

ஜப்பான் ஏலங்களில் விளையாடுபவர்களுக்கு இன்னொரு அடுக்கு உண்டு. ஈபே ஜப்பானில் 2000-இல் நுழைந்து 2002-இல் கிளம்பிவிட்டது. 1999-லேயே தொடங்கிய யாஹூ ஆக்‌ஷன்ஸ்தான் அங்கே ராஜா. விற்பவர் பெரும்பாலும் ஜப்பானுக்குள்தான் அனுப்புவார். அதனால் உங்கள் சார்பில் ஏலம் கேட்கும் ஒரு தரகர் நிறுவனம் நடுவில் வரும். தரகர் கூலி, ஜப்பானுக்குள் ஷிப்பிங், பார்சலைப் பிரித்துச் சேர்த்துக் கட்டும் கூலி, பிறகு வெளிநாட்டு ஷிப்பிங். கேமரா பைத்தியங்களுக்கு இதெல்லாம் அத்துப்படி.

சரி, பார்சல் எல்லைக்கு வந்துவிட்டது. இப்போ கஸ்டம்ஸ்.

இங்கேயும் நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஒரு பழைய விதி. பெயர் 'டி மினிமிஸ்'. அற்ப விஷயங்களில் சட்டம் தலையிடாது என்ற லத்தீன் வழக்கிலிருந்து வந்த சொல். 1938-இல் அமெரிக்கா தன் 1930-ஆம் வருட சுங்கச் சட்டத்தில் 321-ஆம் பிரிவைச் சேர்த்தது. பொருளின் மதிப்பு 1 டாலருக்குள் என்றால் வரி வேண்டாம். ஏழைகளுக்கான கருணையோ வியாபாரத்துக்கான ஊக்கமோ இதற்குக் காரணம் இல்லை. பத்து சென்ட் வரியை வசூலிக்க ஒரு அதிகாரி அரைமணி நேரம் உட்கார்ந்து பேப்பர் எழுதினால் அரசுக்குத்தான் நஷ்டம். வசூல் செலவு வரியைவிட அதிகம், அதனால் விடு. அவ்வளவுதான்.

இந்த வரம்பு 1978-இல் 5 டாலர், 1993-இல் 200 டாலர், 2016-இல் 800 டாலர் ஆனது. கடைசித் தாவலைப் பாருங்க. 800 டாலர் என்பது அற்பமா? 2015 நிதியாண்டில் இந்த வழியில் அமெரிக்காவுக்குள் வந்த பொட்டலங்கள் சுமார் 14 கோடி. 2024 நிதியாண்டில் 136 கோடி. விதிவிலக்குக்காகத் திறந்த சின்ன ஜன்னலே பிரதான வாசல் ஆகிவிட்டது.

இந்தக் கதையின் ஒரு குட்டி முன்னோட்டம் இங்கிலாந்தில் ஏற்கெனவே ஓடி முடிந்திருந்தது. ஐரோப்பாவில் 1983 முதல், சிறுமதிப்புப் பொட்டலங்களுக்கு வாட் வரி இல்லாமல் விடலாம் என்று ஒரு விதி. பிரிட்டனில் வரம்பு 18 பவுண்ட். பக்கத்திலேயே கடலில் ஜெர்சி, கெர்ன்சி தீவுகள். அங்கிருந்து தபாலில் பூ அனுப்புவது பழைய தொழில். ஆனால் அந்தத் தீவுகள் வாட் எல்லைக்கு வெளியே இருப்பதை வேறு சிலரும் கவனித்தார்கள். ஒரு சிடியின் விலை என்ன? 18 பவுண்டுக்குள். டிவிடி? அதுவும். மெமரி கார்டு, கான்டாக்ட் லென்ஸ், வைட்டமின் மாத்திரை எல்லாமே வரம்புக்குள் அடக்கம். பெரிய பெரிய கடைகள் தீவில் கிடங்கு போட்டன. இங்கிலாந்திலிருந்து தீவுக்குப் போன சிடி, அங்கே ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டு மறுபடி இங்கிலாந்துக்கே திரும்பியது. இடையில் வாட் வரி காணாமல் போனது. ஊரில் கடை வைத்து ரெக்கார்ட் விற்றவர்களால் அந்த விலைக்குக் கொடுக்கவே முடியவில்லை. வருடக்கணக்காகச் சத்தம் போட்டார்கள். 2012 ஏப்ரல் 1 முதல் தீவுகளுக்கு மட்டும் சலுகை ரத்து. தீவு அரசுகள் லண்டன் நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றன. தீவுகளில் அந்தக் கிடங்குகளை நம்பி இருந்த வேலைகளும் போயின. இரண்டு பக்கமும் பார்த்தால் இதில் யார் வில்லன் என்று சொல்வது கஷ்டம்.

மற்ற நாட்டுப் பார்சல்களுக்கு 15 பவுண்ட் வரை சலுகை இன்னும் சில வருடம் ஓடியது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ஈபே வாங்குபவரின் தனி வயிற்றெரிச்சல் ராயல் மெயிலின் 8 பவுண்ட் 'கையாளும் கட்டணம்'. 16 பவுண்ட் பொருள், 4 பவுண்ட் ஷிப்பிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட் 20 சதவீதம், அதாவது 4 பவுண்ட். அந்த 4 பவுண்டை அரசுக்குக் கட்டிக் கொடுத்ததற்காகத் தபால்துறைக்கு 8 பவுண்ட். கதவில் ஒரு கார்டு செருகியிருக்கும்: 12 பவுண்ட் கட்டிவிட்டுப் பார்சலை எடுத்துக்கொள்ளவும். 1938-இல் அமெரிக்கர்கள் கவலைப்பட்ட அதே கணக்கு இது. ஒரே வித்தியாசம், வசூல் செலவு அரசின் தலையிலிருந்து வாங்குபவர் தலைக்கு மாறிவிட்டது.

இதனால் பிறந்த பழக்கத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்சலில் ஒட்டும் பச்சை நிறச் சின்ன ஸ்டிக்கர், சிஎன்22 படிவம். உள்ளே என்ன, எடை, மதிப்பு, பரிசா விற்பனையா என்று கேட்கும். "கிஃப்ட்னு டிக் பண்ணுங்க ப்ளீஸ், மதிப்பு 10 டாலர் போடுங்க" என்று விற்பவருக்கு மெசேஜ் அனுப்புவது. கையெழுத்துப் போடுவது விற்பவர், பொய் அவருடையது, மாட்டினால் பொறுப்பும் அவருடையது. பார்சல் தொலைந்தால் இன்ஷூரன்ஸும் அந்தப் 10 டாலருக்குத்தான். நிறைய விற்பனையாளர்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 'வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை' என்று போட்டுவிட்டார்கள்.

அவர்களைத் திரும்ப இழுக்க 2012-இல் ஈபே 'குளோபல் ஷிப்பிங் புரோகிராம்' கொண்டுவந்தது. கூட்டாளி பிட்னி போவ்ஸ், ஒரு காலத்தில் தபால் முத்திரை மெஷின்களுக்குப் பெயர்போன கம்பெனி. அமெரிக்க விற்பனையாளர் கென்டக்கி மாநிலத்தின் எர்லாங்கர் என்ற ஊருக்குப் பார்சலை அனுப்பினால் போதும், அதோடு அவர் பொறுப்பு முடிந்தது. அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பி, சுங்க வேலையை முடித்துத் தருவார்கள். வாங்குபவரின் திரையில் முதல் முறையாக ஒரு புதிய வரி தோன்றியது: 'இம்போர்ட் சார்ஜஸ்'.

நிறையப் பேருக்கு அந்த வரியைப் பார்த்ததும் ஆத்திரம். "போன தடவை இதே மாதிரிப் பொருளுக்கு வரியே வரலையே" என்று. உண்மைதான். போன தடவை பார்சல் சாக்குமூட்டையில் நூறோடு நூறாகக் கலந்து, ஒரு அதிகாரியின் கண்ணில் படாமல் வந்திருக்கும். சட்டப்படி வரி அப்போதும் இருந்தது. வசூலாவது லாட்டரியாக இருந்தது. இப்போது மென்பொருள் ஒவ்வொரு பார்சலுக்கும் கணக்குப் போட்டு முன்கூட்டியே வாங்குகிறது, கூடவே சேவைக் கட்டணமும். கதவில் கார்டு செருகும் அதிர்ச்சி போச்சு. மாட்டாமல் தப்பிக்கும் அதிர்ஷ்டமும் அதோடு போச்சு.

என்னைப் பொறுத்தவரை மொத்தக் கதையின் திருப்பம் இந்த இடம்தான். டி மினிமிஸ் விதியின் ஒரே நியாயம் வசூலிப்பது கஷ்டம் என்பது. அந்தக் கஷ்டத்தை ஒழித்தது எது? லட்சக்கணக்கான சின்னப் பார்சல்களை எல்லை தாண்ட வைத்த அதே ஏல மென்பொருள்தான். வாங்குபவர் எந்த நாடு, பொருள் என்ன, விலை என்ன எல்லாமே செக்அவுட் பக்கத்தில் இருக்கு. கூட ஒரு ஃபங்ஷன் கால். இது தெரிந்ததும் அரசுகள் வரிசையாக வந்தன. ஆஸ்திரேலியா 2018 ஜூலையில் 1000 ஆஸ்திரேலிய டாலருக்குக் கீழான பொருள்களுக்கும் ஜிஎஸ்டியை விரித்து, வசூல் வேலையைத் தளங்களிடமே கொடுத்தது. அமேசான் கோபித்துக்கொண்டு ஆஸ்திரேலியர்களைத் தன் அமெரிக்கத் தளத்திலிருந்து வெளியே நிறுத்தியது, அதே வருடம் நவம்பரில் சமாதானமானது. பிரிட்டன் 2021 ஜனவரியில் 15 பவுண்ட் சலுகையை மொத்தமாக எடுத்தது. 135 பவுண்ட் வரை வாட்டைத் தளமே பிடிக்கணும். பிரெக்ஸிட்டும் அதே நாளில் நடைமுறைக்கு வந்ததால், நேற்றுவரை உள்ளூர் மாதிரி இருந்த ஜெர்மன் பார்சல் திடீரென்று வெளிநாட்டுப் பார்சல். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் 22 யூரோ சலுகையை முடித்தது. 150 யூரோவுக்குள் சுங்கவரி இல்லை என்ற மிச்சச் சலுகைக்குப் பதிலாக, 2026 ஜூலை முதல் 3 யூரோ வரி என்று 2025 டிசம்பரில் முடிவெடுத்தார்கள்.

நம்ம ஊரைக் கேட்பீங்க. இந்தியாவில் வாங்குபவருக்கு இந்த மாதிரி தாராளமான வரம்பு எப்போதுமே இருந்ததில்லை. இருந்த ஒரு சந்து, பரிசுப் பொருள் சலுகை. சீனாவிலிருந்து ஆப் வழியாக வாங்கிய சட்டையும் செருப்பும் 'கிஃப்ட்' என்ற லேபிளோடு வந்து குவிய ஆரம்பித்ததும், 2019 டிசம்பரில் அரசு பரிசு என்ற பெயரில் வரும் இறக்குமதியையே தடை செய்தது. இரண்டு விதிவிலக்கு மட்டும்: உயிர் காக்கும் மருந்து, ராக்கி. ஆமாம், அண்ணன் தம்பிக்குக் கட்டுகிற ராக்கிக் கயிறு. அந்த அரசாணையை எழுதியவர் வீட்டில் ஒரு தங்கை வெளிநாட்டில் இருக்காங்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இங்கே கணக்கு எப்படி ஏறுதுன்னு ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாம். விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். நான் எடுப்பது ஒரு மாதிரி மட்டும். பொருள் 100 ரூபாய், ஷிப்பிங் 40. சுங்கத்தின் பார்வையில் மதிப்பு 100 இல்லை, 140. ஷிப்பிங்கும் இன்ஷூரன்ஸும் சேர்ந்ததுதான் மதிப்பு. அதில் 10 சதவீத சுங்கவரி 14 ரூபாய். அந்த வரியின் மேல் 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரி, 1.40. இப்போ 155.40. இதன் மேல் 18 சதவீத ஐஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 27.97. மொத்தம் 183.37. '10 சதவீத டியூட்டி, 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 28' என்று மனக்கணக்குப் போட்டவர், 100 ரூபாய்ப் பொருளுக்கு 43 ரூபாய்க்கு மேல் வரி மட்டும் கட்டுகிறார். ஷிப்பிங்குக்கு வரி, வரிக்கு வரி. ஐரோப்பாவும் பிரிட்டனும்கூட ஷிப்பிங்கைச் சேர்த்துத்தான் மதிப்பிடுகின்றன. அமெரிக்காவோ பழைய வழக்கப்படி கப்பல் கூலியைச் சேர்க்காது. மெயிலில் கேட்ட 40 டாலர், 90 டாலர் விவகாரத்தில் பெரிய பங்கு இந்தப் படிக்கட்டுக்குத்தான். ஏலத்தில் எல்லோரும் போட்டி போட்டது 100-க்கு. ஷிப்பிங் கூடக் கூட வரியும் கூடும் என்பது ஏலம் கேட்கும் பெட்டியில் எங்கேயும் தெரியாது. அதனால் எனக்கு ஒரு பழக்கம்: முதலில் 183-ஐக் கணக்குப் போட்டுவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்துதான் ஏலத்தொகையை முடிவு செய்வேன்.

கடைசியாக 2025. மே 2 அன்று சீனா, ஹாங்காங் பொருள்களுக்கு அமெரிக்கா 800 டாலர் சலுகையை நிறுத்தியது. ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும். தபாலில் வரும் பொருளுக்கு, முதல் ஆறு மாதம், மதிப்பில் சதவீதமாகக் கட்டலாம், இல்லையென்றால் நாட்டைப் பொறுத்து 80 முதல் 200 டாலர் வரை நிலையான ஒரு தொகை. 20 டாலர் பழைய பொம்மைக்கு 80 டாலர் வரி என்ற வாய்ப்பே விற்பவர்களை நடுங்க வைத்தது. அதைவிடப் பெரிய சிக்கல், வரியை யார், எந்தக் கணினி வழியாக வசூலித்து அமெரிக்காவுக்குக் கட்டுவது என்று தபால்துறைகளுக்கு நாள் நெருங்கும்வரை தெளிவில்லை. ஆகவே வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். தபால் ஒன்றியம் சொன்ன கணக்குப்படி 88 தபால் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தின. ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவுக்குப் போன தபால் போக்குவரத்து ஒரு வாரத்துக்கு முந்தைய அளவிலிருந்து 81 சதவீதம் சரிந்தது. 1874-இல் ஒரே பிரதேசமாக்கிய உலகத்தில், ஒரு பெரிய நாட்டுக்குப் பொட்டலம் போட முடியாத வாரங்கள் அவை.

இந்திய அஞ்சல்துறையும் ஆகஸ்ட் 25 முதல் கடிதம், ஆவணம், 100 டாலர் வரையான பரிசு தவிர மற்றதை நிறுத்தியது. அக்டோபர் 15 அன்று மறுபடி தொடங்கியபோது முறை தலைகீழாகியிருந்தது. அமெரிக்க வரியை அமெரிக்காவில் பார்சலை வாங்குபவரிடம் கேட்கவில்லை. இங்கே புக் பண்ணும்போதே, அனுப்புகிறவரிடம் வசூல். அப்போதைய விகிதம் அறிவித்த மதிப்பில் 50 சதவீதம். கைவினைப் பொருள் விற்கிற ஒருவர் தபால் ஆபிஸ் கவுன்ட்டரில் நின்று, முதலில் ஸ்டாம்புக்கு ரூபாய் எண்ணுகிறார், அப்புறம் அமெரிக்க அரசுக்கு.